சீமைப்பாச்சிக்கு ஓர் ஒப்பாரி

மழைக்காலத்தில் பழைய தகரப்பெட்டியைத் திறந்தால் துருவும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாசனை மூக்கில் ஏறுமே, அந்த வாசனையோடுதான் அது என் கைக்கு வந்தது. வாங்கிப் பிடித்ததும், தந்தவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். முழ உயரத்துக்கு இருக்கிற மரப்பொம்மை, காய்ந்த சுரைக்குடுக்கை அளவுகூடக் கனக்கவில்லை. தலை மட்டும் உடம்பில் பாதி. முகம் மயில்துத்தம் கரைத்துப் பூசிய நிறம். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கோடு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஊதுகுழல் மாதிரி ஒரு துண்டுக் கட்டை, உச்சந்தலையில் ஏதோ பறவையின் இறகு, இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டியதுபோல ஒரு சாயம். அழகு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்கு நானும் அழகு என்று சொல்லும்படி இல்லை. மூக்கொழுகலும் தொப்பையும் செம்பட்டைத் தலையுமாக நின்ற என்னை அது பார்த்ததும், அதை நான் பார்த்ததும் ஒன்றுக்கொன்று ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருந்தது. ஊரின் நிலத்தில் முக்கால்வாசி "பெரிய பண்ணை" என்று நாங்கள் சொன்ன ஒரே வீட்டாருடையது. அந்த நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்துக் களத்தில் அடித்துக் கொடுக்கிற குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நாங்கள் குடிசை போட்டிருந்த மனைக்கட்டும் பண்ணையுடையதுதான். புதிதாக வந்த குறுகிய காலத்து நெல்லை நட்டுக் காட்டுவதற்காக ஒரு வெள்ளைக்காரர், அமெரிக்காக்காரர், ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்க எங்கள் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நடந்து, நாலாவது எட்டில் மல்லாந்து சேற்றில் விழுந்தார். நடவு நட்ட பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் வரப்பிலே உட்கார்ந்து, தொப்பையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட மறந்து சிரித்தேன். அம்மா நாற்றுமுடியை வீசி அடித்தாள். வெள்ளைக்காரரோ சேற்றோடு எழுந்து என்னைப் பார்த்து அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து அந்தப் பொம்மையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசினார். மலையைக் காட்டுவதுபோல் கையை உயர்த்தினார், மேகத்தைப்போல் விரல்களை அசைத்தார். கூட வந்த சர்க்கார் ஊழியர், கிராம சேவக், அவ்வளவையும் கேட்டு முடித்து, "மழைப் பொம்மையாம். அவங்க ஊர்ல வறண்ட சீமையில சோளம் வெதைக்கிற சனங்க, பொம்பளப் புள்ளைங்களுக்குக் குடுப்பாங்களாம். தரையில போடக்கூடாதாம், தொங்கவிடணுமாம்" என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பண்ணை வீட்டுக் கொலுவில் மரப்பாச்சிகளை நான் பார்த்திருக்கிறேன், சன்னலுக்கு வெளியே நின்று. அதனால் இதற்கு "சீமைப்பாச்சி" என்று பெயர் வைத்தேன். தொங்கவிடுவதில்தான் சிக்கல். எங்கள் குடிசையில் இடுப்பு உயரத்துக்கு மண்சுவர், அதற்குமேல் கீற்று. ஆணி அடித்தால் சுவர் விழுமே தவிர ஆணி நிற்காது. அப்பா தென்னங்கயிற்றைக் கழுத்தில் முடிந்து கூரை மூங்கிலில் கட்டினார். காற்றடித்தால் அது மெல்லத் திரும்பித் திரும்பி, நாங்கள் கஞ்சி குடிப்பதைப் பார்க்கும். "நம்ம வூட்டுல எதுவும் கேக்காம இருக்குறது இது ஒண்ணுதான்" என்பார் அப்பா.

நான் அதை வைத்து ஒரு தொழில் தொடங்கினேன். தெருப் பிள்ளைகள் ஒரு புளியம்பிஞ்சு கொடுத்தால் வாசலில் நின்று பார்க்கலாம், இரண்டு கொடுத்தால் உள்ளே வந்து தொடலாம். எதிர்வீட்டுச் செல்வி, பாதிப் பிஞ்சுக்குக் காட்டச் சொல்லி அழுதாள். முடியவே முடியாது என்றேன். எனக்கு மட்டும் நாலு காணி நிலம் இருந்திருந்தால் பெரிய பண்ணையெல்லாம் என்னிடம் பாடம் கேட்டிருப்பார்கள்.

அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஆடியில் வரும் என்றார்கள். ஆவணியில் நுரைகூட இல்லாமல் கொஞ்சம் வந்து, மணலுக்குள் இறங்கிவிட்டது. குறுவை போனது. சம்பாவுக்கு விட்ட நாற்று நாற்றங்காலிலேயே மஞ்சளடித்து நின்றது. ஊர் முச்சந்தியில் புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியின் கொடி. எங்கள் தெருமுனையில் சிவப்புக் கொடி. பஞ்சாயத்து ரேடியோவில் மந்திரிகள் நல்ல தமிழில் பேசினார்கள், நாங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டோம். எங்கள் தெரு முழுக்க ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒரு கோரிக்கையை வைத்திருந்தது: கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரவேண்டும், அதுவரை பண்ணை நிலத்தில் இறங்குவதில்லை. பண்ணையார் தருவதாக இல்லை. கொடி பிடிக்கிறவன் மனைக்கட்டைக் காலி செய்துகொண்டு போகலாம் என்று சொல்லி அனுப்பினார். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவரப் போவதாகவும் பேச்சு. ஆனால் நடுவதற்குத் தண்ணீர் இல்லாததால் அவருக்கு ஆட்களாலும் பயனில்லை, எங்களுக்கு வேலைநிறுத்தத்தாலும் பயனில்லை. காய்ந்த வயலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு தரப்பாரும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படி மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் "கொடும்பாவி" இழுப்பது வழக்கம். ஊரில் யாரோ செய்த பெரும் பாவத்தால்தான் மழை நின்றது என்று கணக்கு. அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் தலைவிரித்து மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவார்கள். அந்த அழுகையைக் கேட்டு வானமும் அழும் என்பது நம்பிக்கை. இழுப்பதும் அழுவதும் எங்கள் தெருவின் வேலை. வாசலில் நின்று பார்த்து முறத்தில் நெல் போடுவது மேலத்தெருவின் வேலை. அந்த ஒப்பாரிக்கு முதல் குரல் என் அம்மா, அஞ்சலை. அவள் குரல் எடுத்தால், செத்தது வைக்கோல் என்று தெரிந்தவர்களும் மூக்கைச் சிந்துவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவளை அழைத்துப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெருமை அது ஒன்றுதான். அதுவும் அழுகையில் வந்தது.

புரட்டாசி கடைசியில் பண்ணையின் காரியஸ்தர் குடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். மழை இல்லாவிட்டாலும் குடை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"அஞ்சலை, கொடும்பாவி கட்டணும்னு ஐயா சொல்றாங்க. நாளைக்கு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடு."

அம்மா உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உரலில் போட ஒன்றும் இல்லாத நாட்களிலும் கழுவிவைப்பாள்.

"யாரு பாவத்துக்குங்க?"

"என்னது?"

"மழை யாரு பண்ணுன பாவத்துக்குங்க நின்னுச்சு? நாங்க பண்ணுனதுன்னா சொல்லுங்க, இப்பவே அழுவுறோம். உங்க பாவத்துக்கு நாங்க ஏங்க அழுவணும்?"

காரியஸ்தர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "ரொம்பப் பேசுற. இருக்குற எடம் யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெரு முழுக்க அன்றைக்கு அம்மாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன், எதற்கென்று தெரியாமல்.

பண்ணையார் விடவில்லை. வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துக் கொடும்பாவி இழுக்க வைத்தார். அந்தப் பெண்களுக்கு எங்கள் ஊர் யார், பாவம் யாருடையது, ஒன்றும் தெரியாது. மாரடிக்கும்போது ஒருத்தி அடித்த அடி பக்கத்தில் நின்றவள் மேல் பட்டு, அவள் இவளை ஏச, இரண்டு பேரும் பிணத்தைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். மேலத்தெருவே வாய்பொத்திச் சிரித்தது. வானம் வெள்ளைவெளேரென்று அப்படியே இருந்தது.

அதற்கப்புறம்தான் பண்ணை வீட்டாருக்கு என் சீமைப்பாச்சி நினைவுக்கு வந்தது.

இந்த முறை காரியஸ்தர் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தார். எங்கள் குடிசைக்குள் அவர் தலை நுழைந்தது அதுதான் முதல் தடவை. கூடவே தெருப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். பண்ணையாரிடம் பேசிவிட்டதாகவும், வெள்ளைக்காரன் கொடுத்த மழைப் பொம்மையைக் கொடும்பாவிக்கு முகமாக வைத்துக் கட்டி, அஞ்சலையே முன்னால் நின்று அழுதால், மழை விழுந்த மறுநாள் அரைப்படி கூட்டித் தருவதாக ஐயா எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். பொம்மையின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "அது மழையைக் கொண்டார்றதுன்னுதான் தொரை சொன்னாரு! மழையை நிறுத்துறதுன்னு சொல்லல! அதை எதுக்கு இழுக்குறீங்க?"

காரியஸ்தர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "ஏ குட்டி, நல்லா யோசிச்சுப் பாரு. மழையைக் கொண்டார்றது அதோட வேலை. அந்த வேலையை அது செய்யாம சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு. அப்ப குத்தம் யாரோடது?"

வேலை செய்யாததே குற்றம் என்பதை வேலைநிறுத்தத்தில் இருந்த எங்கள் தெருவே ஒப்புக்கொண்டதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்க்காமல் சொன்னாள்: "எத்தினி வூட்டுல ஒல பொங்கலன்னு நீயே போயிப் பாத்துட்டு வா. பாத்துட்டு வந்து, தரமாட்டேன்னா தரவேணாம்."

நான் போய்ப் பார்க்கவில்லை. செல்வி வீட்டில் நாலு நாளாக அடுப்புச் சாம்பல் அள்ளவே இல்லை என்று எனக்குத் தெரியும். சேலை முந்தானையில் மூக்கைத் துடைத்துவிட்டுக் கயிற்றை நானே அவிழ்த்தேன். முந்தானை அம்மாவுடையது.

மறுநாள் வைக்கோலில் ஆள் உயரத்துக்கு உருவம் கட்டி, தலை இருக்கும் இடத்தில் சீமைப்பாச்சியைச் செருகி, கயிறு போட்டு இழுத்தார்கள். மயில்துத்த முகத்தில் புழுதி அப்பியது. இறகு முதல் தெருவிலேயே உதிர்ந்தது, அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். பண்ணை வீட்டு வாசல் வந்ததும் அம்மா நின்றாள். தலையை அவிழ்த்துவிட்டுக் குரல் எடுத்தாள். அதுவரை ஊரார் கேட்டிருந்த பழைய கொடும்பாவி ஒப்பாரி இல்லை அது.

"மாடு குடிக்க ஒரு சொட்டு இல்லே – என் சீமைப்பாச்சி
மடை தொறக்க ஒரு நாதி இல்லே
அரைப்படிதான் கேட்டுவச்சோம் – நாங்க
ஆகாசத்தையா கேட்டுப்புட்டோம்?
கேட்ட வாயி பாவமின்னா – என் சீமைப்பாச்சி
கேக்காத காது என்ன புண்ணியமா?"

வாசலில் முறத்தோடு நின்ற பண்ணையார் வீட்டு அம்மாள் அழுதுவிட்டார். அழுகிறோமே, யாரைப் பற்றி அழுகிறோம் என்று அவர் யோசித்திருப்பாரா, தெரியாது. என் அம்மாவின் குரலுக்கு அந்தக் கோளாறு உண்டு. திட்டினாலும் கேட்கிறவர் முந்தானையைத் தேடுவார். எங்கள் தெருப் பெண்கள் வட்டமாக நின்று மாரடித்தார்கள். நான் எல்லோரையும்விட அதிகமாக அழுதேன். மற்றவர்கள் பாவிக்காக அழுதார்கள், நான் பிணத்துக்குச் சொந்தக்காரி.

சுடுகாட்டில் வைக்கோல் எரிந்து அடங்குவதற்கு முன்னாலேயே சீமைப்பாச்சி எரிந்துவிட்டது. அவ்வளவு இலேசான மரம். சூடம் மாதிரி ஒரு சுடர், அவ்வளவுதான்.

மழை வந்தது. ஐப்பசி பிறந்து, மூன்று நாள் விடாமல் கொட்டியது. வாய்க்கால் நிறைந்து, வயல் நிறைந்து, எங்கள் மண்சுவர் ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்தது. தெருவே நனைந்துகொண்டு ஆடியது. அப்பா கரைந்த சுவரைப் பார்த்து, "வரட்டும், வரட்டும், அரைப்படியில புதுசா எழுப்பிக்கலாம்" என்றார். மழை விட்டதும் பெரியவர்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனார்கள். வாக்கை வாங்கப் போகிறவர்களுக்கு அவ்வளவு நிமிர்வு வேண்டாமா?

பண்ணையார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ரேடியோவாம். "என்னய்யா, இந்தக் காலத்துல போயி பொம்மை எரிச்சா மழை வருமா? கடல்ல புயல் சின்னம்னு நாலு நாளா ரேடியோவுல சொல்றான். படிச்ச சர்க்கார் நடக்குது, இன்னும் மூடநம்பிக்கையா?" என்று கேட்டாராம். ஊரிலேயே அவ்வளவு பெரிய பகுத்தறிவாளர் இருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே போலீஸ் வேன் வந்து நின்றது. மஞ்சளடித்த நாற்று, யாரோ கையால், சீமைப்பாச்சி கொண்டுவந்த தண்ணீரில் நடப்பட்டது. தெருவில் சிலர் அம்மாவைப் பார்த்து முணுமுணுத்தார்கள்: அவள் அழாமல் இருந்திருந்தால் மழை வந்திருக்காது, மழை வந்திருக்காவிட்டால் லாரி வந்திருக்காது. அம்மாவுக்கு அன்றைக்கு அழுத அழுகையில் குரல் கட்டியது, அப்புறம் முழுசாகத் திரும்பவே இல்லை.

அவள் பாடின பாட்டைப் பண்ணையார் மறக்கவில்லை. தை பிறப்பதற்குள் முதலில் காலி செய்யச் சொன்னது எங்கள் மனைக்கட்டைத்தான். கூரையைப் பிரித்துக் கீற்றையும் மூங்கிலையும் வண்டியில் ஏற்றினோம். அப்பா அந்த ஒரு மூங்கிலில் இருந்த கயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை வெறகுக்குப் போடவேணாம்" என்றார். தாராசுரத்துக்கு வந்து சேர்ந்து முதல் மழையில் அதைத்தான் முதலில் எரித்தோம். ஈரத்திலும் பற்றிக்கொண்ட விறகு அது ஒன்றுதான். சில வருஷம் கழித்து, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. தெருவில் தங்கியவர்கள் அத்தனை பேருக்கும் பட்டா கிடைத்தது, செல்வி வீட்டுக்கும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது தாராசுரத்தில் ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கம். மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பதால் மில் வேலைக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளினார்கள். நான் படித்து, நர்ஸாகி, ஊசி போட்டே ஊரை அழவைத்து ஓய்வும் பெற்றேன். அம்மாவின் தொழிலை வேறு விதத்தில் தொடர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா செத்தபோது எங்கள் தாராசுரத் தெருவில் ஒப்பாரி தெரிந்தவர் யாரும் இல்லை. பேண்டு வாத்தியம் பிடித்து வந்தார்கள். ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு ஒரு அடியாவது பாடவேண்டும் என்று நானே குரல் எடுத்தேன். நினைவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "அரைப்படிதான் கேட்டுவச்சோம்" என்று நான் அழுதபோது, இந்த அம்மாளுக்கு இன்னும் என்ன அரைப்படி பாக்கி என்று வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் மகள் இப்போது அமெரிக்காவில், கண்ணுக்கெட்டிய வரை செம்மண்ணும் கள்ளியுமாக இருக்கிற ஒரு மாநிலத்தில் இருக்கிறாள். போனமுறை அங்கே ஒரு சந்தைக்குக் கூட்டிப் போனாள். ஒரு மேசை நிறைய சீமைப்பாச்சிகள். மகள் கையை விட்டுவிட்டு நேராக அந்த மேசைக்குப் போனேன். அவற்றைச் செதுக்கியவர் என் வயதுக்காரர், ஹோபி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். கட்சினா என்னும் ஆவிகள் வருஷத்தில் பாதி நாள் தங்கள் ஊரில் வந்து இருந்துவிட்டு மலைக்குத் திரும்பி, மேகமாக வருகிறவர்கள் என்றும், அவர்களைத் தெரிந்துகொள்வதற்காகப் பெண் குழந்தைகளுக்கு இந்த உருவங்களைக் கொடுப்பது வழக்கம் என்றும், தண்ணீரைத் தேடிப் போகிற ஒரு மரத்தின் வேரில் செதுக்குவதால் இத்தனை இலேசு என்றும், மகள் வழியாகச் சொன்னார். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்களாம். அப்பா சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

"மழை வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளு" என்றேன்.

அவர் யோசித்து, நிதானமாக, நீளமாகப் பேசினார். என் மகள் கிராம சேவக்கைப் போலவே சுருக்கினாள்: "நாம என்ன தப்பு பண்ணினோம்னு அவங்கவங்க மனசைப் பாத்துக்குவாங்களாம்மா."

"பொம்மையை?"

"பொம்மையை ஏம்மா?"

"இழுக்க மாட்டாங்களான்னு கேளு."

அதை மட்டும் அவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அவரோ ஒரு பொம்மையை எடுத்து என் கையில் வைத்து ஏதோ கேட்டார். "எந்தச் சின்னப் பொண்ணுக்குன்னு கேக்குறாரும்மா" என்றாள். அதே கனமின்மை, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல. இருந்தாள், இப்போது பெரியவளாகிவிட்டாள் என்று சொல்லச் சொல்லி, திரும்ப மேசைமேல் வைக்கப்போனேன். தரையில் போடக்கூடாது என்பது நினைவுக்கு வந்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

எங்கள் ஊரில் இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வருகிறது, ஒப்பாரியும் கொடும்பாவியும் இல்லை, மழையைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. அரைப்படி என்ற அளவே இல்லை. கேட்கவும் ஆள் இல்லை, மறுக்கவும் ஆள் இல்லை. பண்ணை வீட்டுப் பேரப்பிள்ளைகளும் என் மகள் இருக்கிற தேசத்தில்தான் எங்கேயோ இருக்கிறார்களாம்.

நான் தாராசுரத்தில் சொந்தமாக வீடு கட்டிவிட்டேன். நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், எத்தனை ஆணி அடித்தாலும் தாங்கும். குடிபுகுந்த அன்றே கூடத்தில் அம்மா படத்தை மாட்டுவதற்கென்று ஓர் ஆணி அடித்தேன். அடித்த பிறகுதான், அம்மா தன் வாழ்நாளில் ஒரு படம்கூடப் பிடித்துக்கொண்டதில்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வெற்று ஆணியைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்பார்கள். காலண்டருக்கு என்பேன். இதுவரை காலண்டரும் மாட்டவில்லை.